சகலையின் துப்பாக்கி

எனக்குத் துப்பாக்கி உரிமம் மறுக்கப்பட்டது இரண்டாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டு ஆகஸ்டு மாதம். வந்த கடிதத்தில் மொத்தம் மூன்று வரிகள். முதல் வரியில் என் விண்ணப்பத்தின் தேதி. இரண்டாம் வரியில் காவல்துறை அறிக்கையின் தேதி. மூன்றாம் வரியில், 'பரிந்துரைக்கப்படாததால் நிராகரிக்கப்படுகிறது'. ஏன் பரிந்துரைக்கவில்லை என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கடிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு நிலத்துப் பட்டாவோடு வைத்திருக்கிறேன்.

நிலம் இருப்பது கல்வராயன் மலை இறங்கி முடிகிற இடத்தில், வெள்ளிமலைக்குப் போகிற சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே. என் மாமனார் தன் நான்கு ஏக்கரை இரண்டு பெண்களுக்கும் சரிபாதியாக எழுதி வைத்துவிட்டுப் போனார். மலையை ஒட்டிய மேல்பாதி என் மனைவி ஜெயசுதாவுக்கு. கிணற்றை ஒட்டிய கீழ்பாதி அவள் தங்கை செந்தமிழ்ச்செல்விக்கு. சரிபாதி என்பது காகிதத்தில்தான். காட்டிலிருந்து இறங்குகிற பன்றிகள் முதலில் என் மக்காச்சோளத்தில் வயிறு நிறைந்த பிறகுதான் கீழே போகும்.

செல்வியின் புருஷன் பிரவீன்குமார் எனக்குச் சகலை. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அண்ணே அண்ணே என்றுதான் கூப்பிடுவான். அவன் மேல் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. எனக்கு அதுவே பெரிய குறையாக இருந்தது. நான் வேளாண்மை அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்து வாங்கிய சொட்டுநீர்க் குழாயை அவன் கைபேசியிலேயே பதிவு செய்து, எனக்கு முன்பே பதித்துவிட்டான். அவன் கிணற்று மோட்டாரை வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டே போடுவான், நிறுத்துவான்.

போன தை மாதம், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், மாமியார் வீட்டில் இரண்டு மருமகன்களுக்கும் கறிச்சோறு. கை கழுவிவிட்டு உட்கார்ந்ததும் பிரவீன் கைபேசியை நீட்டினான்.

"அண்ணே, இதப் பாருங்க. ஒத்தக் குழலு. பன்னண்டு போரு. எப்படிக்கீது?"

திரையில் துப்பாக்கிகள் வரிசையாகப் படுத்திருந்தன, சேலைக் கடை விளம்பரத்தில் சேலைகள் இருப்பதுபோல. கட்டை தேக்கு நிறத்தில், குழல் கறுப்பாக. ஒவ்வொன்றுக்கும் கீழே எடை, நீளம், விலை. திருச்சியில் உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையின் இணையப் பக்கம் அது.

மாமியார் சின்னப்பொண்ணு எட்டிப் பார்த்தார். "இன்னா சின்ன மாப்ள, இதுவும் போன்லயே வாங்கிடலாமா? மிக்ஸி வந்தாப்புல கொரியர்ல வந்துடுமா?"

"வராது அத்தை. கொரியருல அனுப்புனா கடைக்காரன் உள்ள பூடுவான். போன்ல பாத்து எதுன்னு சொல்லி வெக்கலாம், அவ்ளோதான். மொதல்ல கலெக்டர் ஆபீஸ்ல லைசென்ஸ் வாங்கணும். அந்த ஒரிஜினல எடுத்துக்கினு நேர்ல போவணும். அவங்க சரிபாத்து, துப்பாக்கி நம்பர லைசென்ஸ்ல எழுதி, நம்ம கைல குடுப்பாங்க."

"எல்லாம் தெரிஞ்சி வெச்சிக்கீறாரு பாரு" என்றார் மாமியார், என் பக்கம் திரும்பி.

அவன் சொன்ன அத்தனையும் எனக்கு ஏழு வருஷமாகத் தெரியும். யாரும் கேட்டதில்லை.

"லைசென்ஸு அவ்ளோ சுளுவா கெடைக்காது தம்பி" என்றேன்.

"அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க? நீங்கதாண்ணே எழுதித் தரணும். உங்கள மாரி இங்க யாருக்கு எழுதத் தெரியும்?"

எழுதித் தந்தேன். ஊரில் முதியோர் உதவித்தொகையிலிருந்து மின் இணைப்பு வரை மனு எழுதுவது நான்தான். மணலூர்பேட்டை பள்ளியில் எங்கள் தமிழாசிரியர் பழக்கியது: அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, பிறகு எண் போட்ட பத்திகள், கடைசியில் இணைப்புகள். இந்த ஆறில் ஒன்று விட்டுப்போனாலும் அது மனு இல்லை, வெறும் காகிதம் என்பார். பிரவீனுக்குப் பயிர்ப் பாதுகாப்பு என்ற காரணத்தைக் காட்டி, பட்டா, சிட்டா, பயிர் சேதத்துக்கு விஏஓ கொடுத்த சான்று, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயின்றதற்கான சான்று, வீட்டில் பூட்டி வைக்க இரும்புப் பெட்டி இருப்பதற்குப் படம் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினேன். இணையத்தில் பதிவேற்றியதும் ஒரு நீளமான விண்ணப்ப எண் வந்தது. அதை என் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

ஏன் இவ்வளவு சுத்தமாகச் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவனுக்கும் அந்த மூன்று வரிக் கடிதம் வரும் என்று நம்பினேன். குறையில்லாத விண்ணப்பமே தள்ளுபடியானால், என்னுடையதும் என் குறையால் தள்ளுபடியாகவில்லை என்று ஆகிவிடும். மாமியாருக்கும் புரியும்.

சித்திரையில் ஒரு போலீஸ்காரர் விசாரிக்க வந்தார். பக்கத்து நிலத்துக்காரன் என்ற முறையில் என்னையும் கேட்டார். ஆள் எப்படி, குடிப்பாரா, அடிதடி உண்டா, பன்றித் தொல்லை உண்மையா? நல்ல ஆள், தொல்லை உண்மை என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்பினேன். அதற்கு மேல் என் வாயிலிருந்து வரவில்லை.

வைகாசியில் பிரவீன் ஒரு பெட்டி மைசூர்பாகோடு வந்தான்.

"அண்ணே, போலீசு ரிப்போர்ட் நல்லா போயிருக்காம். தாசில்தார் ஆபீஸ்ல இருந்தும் போயிட்சி. இன்னும் கலெக்டர் கையெழுத்துதான். கடைக்காரருக்குப் போன் பண்ணி அந்த ஒத்தக் குழல எடுத்து வெக்கச் சொல்லிட்டேன்."

ஜெயசுதா ஒரு துண்டை எடுத்து என் வாயில் வைத்தாள். "எங்கூட்டுக்காரரு கை பட்டா காரியம் ஆவும்னு சொன்னேன்ல?"

என் கை பட்டு என் காரியம் ஆகவில்லையே என்று யாரும் அங்கே நினைக்கவில்லை. இனிப்பு நாக்கில் கரையக் கரைய எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, உரம் பார்க்கப் போகிறேன் என்று ஜெயசுதாவிடம் சொல்லிவிட்டு உளுந்தூர்பேட்டைக்கு பஸ் ஏறினேன். என் கையெழுத்து கள்ளக்குறிச்சியில் பாதி அலுவலகங்களுக்குத் தெரியும். அதனால் லாரிகள் நிற்கிற முனையில், என்னைத் தெரியாத ஒரு கணினி மையத்தில் உட்கார்ந்து, வரி வரியாகச் சொல்லி அச்சடித்து வாங்கினேன். மாவட்ட ஆட்சியருக்கு. அனுப்புநர், பெயர் வெளியிட விரும்பாத விவசாயி. ஒன்று, மேற்படி பிரவீன்குமார் திருவிழாக்களில் குடித்துவிட்டுத் தகராறு செய்பவர். இரண்டு, அவருக்கும் உறவினருக்கும் நிலத்தகராறு உள்ளது. மூன்று, பன்றித் தொல்லை அவருடைய நிலத்துக்கு இல்லை, மேலே உள்ள பக்கத்து நிலத்துக்கே. எனவே உரிமம் வழங்கக் கூடாது.

முதலாவது பொய். இரண்டாவது, அந்த நிமிடம் வரை பொய். மூன்றாவது முக்கால்வாசி உண்மை. அங்கேயே அஞ்சல் பெட்டியில் போட்டேன், முத்திரை உளுந்தூர்பேட்டை என்று விழுவதற்காக. திரும்பி வரும்போது, எழுதியதில் எதுவும் விட்டுப்போகவில்லை என்ற திருப்திகூட இருந்தது.

ஆனி முடியும்போது பிரவீன் வந்தான். முகம் செத்துப் போயிருந்தது.

"எவனோ மொட்ட மனு போட்டுக்கீறாண்ணே. ஸ்டேஷன்ல கூப்புட்டாங்க. நீங்களும் வாங்க. பதிலு எழுதணும்னா நீங்கதான் கரெக்டா எழுதுவீங்க."

"எவன்டா அது?" என்றேன். என் குரல் எனக்கே நன்றாகத்தான் இருந்தது.

காவல் நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கிற ஏட்டை ரைட்டர் என்பார்கள். ஐம்பது வயது இருக்கும், மூக்கின் நுனியில் கண்ணாடி. எங்களைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுக் கோப்பைப் பிரித்தார். என் மனு மேலேயே இருந்தது. மூலையில் சிவப்பு மையில் யாரோ சுழித்திருந்தார்கள்.

"பேரில்லாத மனுவ நாங்க கண்டுக்க மாட்டோம் தம்பி. வாரத்துக்குப் பத்து வருது, குப்பைல போட்டுடுவோம். ஆனா இதுல பாரு, பார்வைன்னு போட்டு உன் விண்ணப்ப நம்பர முழுசா அடிச்சிக்கீறான். அத்த வெச்சிதான் உன் ஃபைல்ல கொண்டாந்து சேத்துட்டாங்க. மேல இருந்து விவரம் கேக்குறாங்க."

பார்வை. விண்ணப்ப எண். நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல கணினி மையத்துப் பெண் தட்டினாள். பேரை மறைத்தேன், கையெழுத்தை மறைத்தேன், ஊரை மறைத்தேன். பார்வை போடாமல் விட எனக்குத் தோன்றவே இல்லை.

ரைட்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இந்த நம்பரு யார் யாருக்குத் தெரியும்?"

பிரவீன் வாயைத் திறந்தான். "எனக்குத் தெரியும் சார். அப்பறம் எங்க..."

நின்றுவிட்டான். என் பக்கம் திரும்பவில்லை. மேசை மேலிருந்த மனுவையே பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட பத்திகளை. மேலே உள்ள பக்கத்து நிலம் என்ற வரியை.

"அப்பறம்?" என்றார் ரைட்டர்.

"அப்பறம் யாருக்கும் தெரியாது சார். ஜெராக்ஸ் கடைல எவனாச்சும் பாத்திருப்பான். உட்ருங்க சார்."

"உட்ருங்கன்னா எப்டி? நெலத்தகராறுன்னு எழுதிக்கீது. விஏஓ, தாசில்தார், மறுபடி விசாரணை, மறுபடி ரிப்போர்ட். ஆறு மாசம் ஆவும். எழுதுனவனே வந்து, தப்பா எழுதிட்டேன்னு ஒரு வரி குடுத்தா இன்னிக்கே முடிச்சி அனுப்பிடலாம். யாருன்னு தெரியாதுன்ற."

"தெரியாது சார். ஆறு மாசம் ஆனா ஆவட்டும்."

ஆறு மாதம் என்றால் அந்தப் போகம் முழுக்கப் போய்விடும். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொன்னான். எனக்காக.

அந்தச் சமயத்தில் எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும், அல்லது வெட்கம். இரண்டும் வரவில்லை. பொறாமைதான் வந்தது, முன்பு எப்போதும் இல்லாத அளவுக்கு. சொட்டுநீரில் முந்தினான், மோட்டாரில் முந்தினான், மாமியாரிடம் முந்தினான். இப்போது இதிலுமா? இனி ஆயுசு முழுக்க ஒவ்வொரு பொங்கலுக்கும் அவன் எதிரில் உட்கார்ந்து கறிச்சோறு தின்ன வேண்டும். அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். சிரித்துக்கொண்டே அண்ணே என்பான். அவன் பெரிய மனுஷன், நான் அவன் மறைத்து வைத்த ஆள்.

"ஒரு வெள்ளத்தாளு குடுங்க சார்" என்றேன்.

"எதுக்கு?"

"நான்தான் எழுதுனேன்."

பிரவீன் என் கையைப் பிடித்தான். "அண்ணே, சும்மா இருங்க. சார், இவரு எனக்காவ..."

"கைய எடு தம்பி."

அனுப்புநர், செழியன், என்று தொடங்கி எழுதினேன். என்னுடைய முழு முகவரி. பொருள். பார்வையில் இரண்டு வரிகள்: ஒன்று விண்ணப்ப எண், இரண்டு நான் உளுந்தூர்பேட்டையில் போட்ட மனு. முதல் இரண்டு குற்றச்சாட்டும் உண்மையல்ல. மூன்றாவதைப் பொறுத்தவரை, பன்றித் தொல்லை இரு நிலங்களுக்கும் உள்ளது, என் நிலத்துக்கு அதிகம். காழ்ப்புணர்ச்சியால் எழுதப்பட்டது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். அடியில் கையெழுத்துப் போட்டேன்.

ரைட்டர் இரண்டு முறை படித்தார். "முப்பது வருஷ சர்வீஸ்ல இப்டி ஒரு மன்னிப்புக் கடிதத்த பாத்ததில்ல. பொய் மனுவுக்கு உன் மேல கேஸ் போடலாம், தெரியுமா?"

"தெரியும் சார்."

"சார், வேணாம் சார், எங்க அண்ணன் சார்" என்றான் பிரவீன்.

உதவி ஆய்வாளர் வந்து கால்மணி நேரம் என்னைத் திட்டிவிட்டு எச்சரித்து அனுப்பினார். வெளியே வந்ததும் பிரவீன் வண்டியை எடுத்தான். நான் பஸ்ஸில் வருகிறேன் என்றேன்.

வீட்டில் நானே சொல்லிவிட்டேன். ஜெயசுதா கேட்டது ஒன்றுதான். "மைசூர்பாக்க தின்னுட்டா போய் எழுதுனீங்க?" அதன் பிறகு பதினோரு நாள் பேசவில்லை. மாமியார் பெரிய மாப்ள என்பதை நிறுத்திவிட்டு 'அவரு' என்று சொல்லத் தொடங்கினார்.

ஆவணியில் பிரவீனுக்கு உரிமம் வந்தது. மறுநாள் காலை என் வீட்டு வாசலில் எங்கள் ஊர் ராசுவின் வாடகைக் கார் நின்றது.

"கெளம்புங்கண்ணே, திருச்சிக்கு."

"நான் எதுக்கு?"

"எனக்கு ரூல்ஸ் எல்லாம் தெரியுமா? நீங்க கூட இருந்தா கடைக்காரன் ஏமாத்த மாட்டான்."

போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தத் துப்பாக்கியைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஏழு வருஷ ஆசை. சட்டை மாற்றிக்கொண்டு ஏறினேன்.

கடை சின்னதுதான். கம்பிக் கதவு, கேமரா, சுவரில் சங்கிலி கோத்த துப்பாக்கிகள். கடைக்காரர் பிரவீனின் உரிமத்தை வாங்கி, விளக்கடியில் பிடித்துப் பார்த்து, அதில் உள்ள எண்ணைக் கணினியில் போட்டுச் சரிபார்த்தார். ஆதாரைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். எந்த வகைத் துப்பாக்கிக்கு அனுமதி, எத்தனை தோட்டாவுக்கு அனுமதி என்று வாய்விட்டுப் படித்தார். ஒரு தடித்த பதிவேட்டில் எழுதினார். துப்பாக்கியில் பொறித்திருந்த எண்ணை உரிமத்தில் ஏற்றி, முத்திரை குத்தினார். ஊருக்குப் போனதும் காவல் நிலையத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் காட்டிப் பதிய வேண்டும் என்றார். ஒரு இடத்திலும் அவசரமில்லை, ஒரு எழுத்திலும் அடித்தல் இல்லை. அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பிறகு அதை எடுத்து மேசை மேல் வைத்தார். கைபேசியில் பார்த்ததைவிடக் கட்டை இன்னும் கருஞ்சிவப்பாக இருந்தது. எண்ணெய் மணம். என் கை தானாக நீண்டது.

"சார், நீங்க யாரு?" கடைக்காரர் துப்பாக்கி மேல் உள்ளங்கையை வைத்தார். "லைசென்ஸ் இல்லாதவங்க தொடக்கூடாது."

"எங்க அண்ணன்தாங்க" என்றான் பிரவீன். "விண்ணப்பம் எல்லாம் அவருதான் எழுதுனாரு."

"இருக்கட்டும் சார். ரூல் எல்லாருக்கும் ஒன்னுதான்."

"அவரு சொல்றது சரி" என்றேன். கையை இழுத்துப் பையில் விட்டுக்கொண்டேன்.

வரும்போது உறையில் போட்டுப் பூட்டிய துப்பாக்கி பின்சீட்டில் அவன் மடியில் இருந்தது. நான் பக்கத்தில். என் முழங்கைக்கும் அதற்கும் நான்கு விரல் இடைவெளி. உளுந்தூர்பேட்டை வந்தபோது டீ குடிக்கலாமா என்று ராசு கேட்டான். துப்பாக்கியை விட்டு இறங்க முடியாது என்று பிரவீன் சொல்லிவிட்டான். நான் மட்டும் இறங்கி நின்று குடித்தேன். எதிரில் அந்தக் கணினி மையம் திறந்திருந்தது.

புரட்டாசியில் சோளம் பால் பிடித்தது. பன்றியைச் சுட்டுக் கொல்ல யாருக்கும் அனுமதி இல்லை, மேலே பார்த்து வெடித்து விரட்டலாம், அவ்வளவுதான். முதல் நாள் பொழுது சாயும் நேரத்தில் கீழ்க்காட்டில் ஒரு வெடி கேட்டது. மலையில் மோதித் திரும்பி வந்தது அந்தச் சத்தம். நான் வரப்பில் நின்றிருந்தேன். பிரவீனின் சோளத்துக்குள்ளிருந்து ஒன்பது பன்றிகள் கிளம்பி, மலையைப் பார்த்து ஓடின. மலைக்கு வழி என் நிலம். ஓடி வந்த வேகத்தில் பாதி வழியில் மூச்சு வாங்க என் சோளத்துக்குள்ளேயே நின்றுவிட்டன. தட்டை முறிகிற சத்தம் இருட்டும் வரை கேட்டது.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஜெயசுதா கைபேசியை என் முன்னால் வைத்தாள்.

"கூப்புடுங்க."

"எனக்கு வெக்கமா இருக்குதுடி."

"மொட்ட மனு போடுறப்ப இல்லாத வெக்கம், இப்ப எங்கேர்ந்து வந்துச்சி? கூப்புடுங்க."

கூப்பிட்டேன். பத்து நிமிடத்தில் பிரவீன் வந்தான். என் வரப்பின் மேல்கோடியில், காட்டைப் பார்த்து நின்று, வானத்தை நோக்கி வெடித்தான். அந்தப் பக்கமிருந்து அன்றைக்கு ஒன்றும் இறங்கவில்லை. அதிலிருந்து தினமும் வருகிறான். நான் கூப்பிட வேண்டும், அவன் வர வேண்டும். என் நிலத்தில் நின்று என் பயிரை அவன் காக்கிறான், நான் கைகட்டிப் பக்கத்தில் நிற்கிறேன். "மேல நின்னு போட்டாத்தாண்ணே ரெண்டு காட்டுக்கும் நல்லது. உங்க மனுவுல மூணாவது பாயின்ட்டு சரிதான்" என்றான் ஒருநாள். குத்திக் காட்டினானா, சும்மா சொன்னானா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஐப்பசி முதல் வாரம் என் பெயரில் புதிதாக விண்ணப்பம் போட்டேன்.

"உங்களுக்கா? குடுப்பாங்களா?" என்றாள் ஜெயசுதா.

"குடுக்க மாட்டாங்க. போடாம இருக்க முடியல."

'முன்பு நிராகரிக்கப்பட்டதா' என்ற இடத்தில் ஆம் என்று எழுதி, அந்த மூன்று வரிக் கடிதத்தின் நகலை வைத்தேன். எதையும் மறைக்கவில்லை. விண்ணப்ப எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டேன்.

நேற்று விசாரிக்கப் போலீஸ்காரர் வந்தார். சித்திரையில் வந்த அதே ஆள். என்னிடம் கேட்டுவிட்டு, பக்கத்து நிலத்துக்காரர் யார் என்றார். கீழே கையைக் காட்டினேன். அவர் இறங்கிப் போனார். பிரவீன் கிணற்றடியில் நின்றிருந்தான், தோளில் துப்பாக்கி. இருவரும் பேசத் தொடங்கினார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிரவீன் என் சோளத்தைக் காட்டினான், மலையைக் காட்டினான், பிறகு திரும்பி என்னைக் காட்டினான். போலீஸ்காரர் சிரித்தார். ஏதோ எழுதினார். மறுபடி கேட்டார்.

அவனைப் பற்றி என்னைக் கேட்டபோது நான் பேசியது இரண்டு நிமிடம். வரப்பில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பற்றி இருபத்து மூன்று நிமிடம் பேசினான்.